கடல்வடம் காத்த கெல்வின்

கிணற்றில் நீர் ஊறும் நாளெல்லாம் அதன் அருமையை எவரும் எண்ணுவதில்லை. ஊற்று அடைபட்ட அன்றே எண்ணுகின்றனர். செய்தித் தொடர்பும் அத்தகையதே. தொடர்பு தடையின்றி நடைபெறுங்காலத்து அதனைத் தாங்கி நிற்கும் கம்பியும் கருவியும் நம் நினைவுக்கு வருவதில்லை. அஃது அறுந்துபோகும் நொடியிலோ மனம் பதறுகின்றது. பதற்றம் கொண்டவர் வலிமையைக் கூட்டிப் பார்ப்பர். அறிவு கொண்டவர் பழுது எவ்விடத்தே உள்ளது என்று தேடிக் காண்பர். இவ்விரு வழிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் ஒன்றோடொன்று மோதின. அவற்றுள் அறிவின் வழியே வென்றது என்பதனை உலகிற்குக் காட்டியவர் வில்லியம் தாம்சன் என்னும் பேரறிஞர். கெல்வின் பிரபு என்று பிற்காலத்தார் போற்றுபவர் இவரே.

இளமையும் கல்வியும்

வில்லியம் தாம்சன் 1824 ஆம் ஆண்டு சூன் திங்கள் 26 ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் ஜேம்ஸ் தாம்சன் உழவர் குடியில் தோன்றித் தம் முயற்சியாலேயே கணிதம் கற்று ஆசிரியரானவர். வில்லியம் ஆறு வயதுச் சிறுவனாயிருந்தபோது அன்னையார் இயற்கை எய்தினார். அன்று முதல் தந்தையாரே தாயுமாகி நின்று மக்களை வளர்த்தார். கல்வியையும் தாமே ஊட்டினார். 1832 ஆம் ஆண்டில் அவருக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. குடும்பம் முழுவதும் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது.

தந்தையாரின் வகுப்புகளில் ஓர் ஓரமாக அமர்ந்து கேட்டுவந்த வில்லியம், தம் பத்தாம் வயதிலேயே பல்கலைக்கழக மாணாக்கராகச் சேர்க்கப்பெற்றார். பதினாறாம் வயதில், வெப்பம் பொருள்களின் ஊடே பரவும் முறையைக் கணிதத்தால் விளக்கிய பூரியே என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூல் அவர் கைக்கு எட்டியது. தேர்ந்த அறிஞர்களே கடினம் என்று கருதிய அந்நூலை அவர் இரண்டு வாரங்களில் கற்று முடித்தார். அன்று கற்ற அக்கணிதமே பிற்காலத்தில் கடலடிக் கம்பியின் மறைபொருளைத் திறக்கும் திறவுகோலாக அமைந்தது. கற்ற கல்வி எந்நாளில் எவ்விடத்தில் துணைநிற்கும் என்பதை யாரே அறிவார்!

பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1845 ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றுத் தேறினார். அதன்பின் பாரிசு நகரம் சென்று ரெனோ என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் பணிபுரிந்தார். நுட்பமாக அளத்தல் என்னும் கலையின் அருமையை அவர் உணர்ந்தது அங்கேதான்.

பேராசிரியப் பணி

1846 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவரை இயற்பியல் பேராசிரியராக அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது 22. அப்பதவியில் அவர் 53 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினார். வேறு பல்கலைக்கழகங்கள் அழைத்தபோதும் அவர் கிளாஸ்கோவை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் மாணாக்கர் விரிவுரைகளைக் கேட்டனரேயன்றித் தம் கையால் கருவிகளைத் தொட்டு ஆய்வு செய்யவில்லை. தாம்சனோ பல்கலைக்கழகத்தின் பழைய மதுக்கிடங்கு ஒன்றைத் தூய்மை செய்து, அதனையே மாணாக்கர் ஆய்வுக்கூடமாக அமைத்தார். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலறிவும் ஆங்கே இணைந்து வளர்ந்தது.

1848 ஆம் ஆண்டில் வெப்பநிலையை அளப்பதற்குரிய தனிமுறை அளவை ஒன்றை அவர் வகுத்துக் காட்டினார். இன்றும் உலகெங்கும் அறிவியலார் கையாளும் அவ்வளவை அவர் பெயராலேயே கெல்வின் எனப்படுகின்றது. 1853 ஆம் ஆண்டில், மின்னேற்றம் பெற்ற கலம் ஒன்று மின்னை வெளிவிடும்போது அம்மின் முன்னும் பின்னுமாக அலைவுறக்கூடும் என்பதைக் கணக்கிட்டு நிறுவினார். பிற்காலத்தில் எழுந்த கம்பியில்லாத் தந்தி இவ்வலைவின் மீதே நிலைகொண்டது.

கடலடியில் ஒரு கம்பி

தரைமேல் தந்தி பரவிய பின்னர், கடலைக் கடந்தும் அதனைச் செலுத்த வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து ஒரு மடல் அமெரிக்காவை அடையக் கப்பலில் பத்து நாளுக்கு மேலாகும்; மறுமொழி வரவும் அவ்வளவு காலமாகும். சைரஸ் பீல்டு என்னும் அமெரிக்க வணிகர் இக்குறையைப் போக்க முன்வந்தார். 1856 ஆம் ஆண்டில் அட்லாண்டிக் தந்திக் கழகம் நிறுவப்பட்டது. 3,50,000 பவுன் முதலாகத் திரட்டப்பட்டது. தாம்சன் அதன் இயக்குநருள் ஒருவரானார்.

கடலடி வடம் என்பது நடுவே செம்புக் கம்பியும், அதனைச் சூழ்ந்து குட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறையும், அதற்குமேல் இரும்புக் கம்பிக் கவசமும் கொண்டது. செம்பு வழியே மின்னோட்டம் செல்லும். உறை அதனைக் கடல்நீரில் கசியாமல் காக்கும். இரும்பு, வடம் அறுந்துவிடாமல் தாங்கும்.

இவ்வடத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வறண்ட வாய்க்காலில் மடையைத் திறந்தால் நீர் உடனே கடைமடையை எட்டுவதில்லை. வாய்க்காலின் மண் முதலில் நனைந்து நிறைய வேண்டும். அதன்பின்னரே நீர் மெல்ல முன்னேறும். கடலடி வடத்திலும் மின் அவ்வாறே உறையை ஒட்டித் தங்கித் தங்கிச் செல்லும். ஆதலின் ஒரு முனையில் சட்டென்று கொடுத்த குறிப்பு, மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். தாம்சன் 1855 ஆம் ஆண்டில் இதற்குரிய விதியை வெளியிட்டார். வடத்தின் நீளம் இருமடங்கானால் இத்தாழ்வு நான்கு மடங்காகும்; நீளம் மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதனைக் குறைக்கச் செம்பும் உறையும் தடித்திருத்தல் வேண்டும் என்றும், குறைந்த மின்னோட்டத்தையும் உணரவல்ல கருவி வேண்டும் என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

கழகத்தின் மின்பொறுப்பாளராயிருந்த ஒயிட்ஹவுஸ் என்பவர் மருத்துவராயிருந்து மின்னாய்வில் புகுந்தவர், ஊக்கம் மிக்கவர். அவர் தாம்சனின் விதியை ஒப்பவில்லை. மெல்லிய கம்பியே போதும் என்றும், மின்னழுத்தத்தை மிகுத்தால் எத்துணைத் தொலைவையும் கடக்கலாம் என்றும் அவர் கருதினார். வடம் செய்யும் பணி அதற்குள் தொடங்கிவிட்டமையால் மெல்லிய கம்பியே இடம்பெற்றது. தாம்சன் அதற்காகச் சினந்து விலகினாரல்லர். கிடைத்த வடத்தைக் கொண்டே காரியத்தை முடிக்க இயலுமா என்று ஆராயத் தலைப்பட்டார்.

வணிகர் விற்ற செம்பு அனைத்தும் ஒருதன்மையதன்று என்பதையும், மின்னைக் கடத்தும் திறத்தில் அவை பெரிதும் வேறுபட்டன என்பதையும் அவர் அளந்து கண்டார். தொழிற்சாலையிலேயே செம்பைச் சோதித்து ஏற்கும் வழக்கம் அவர் முயற்சியால் தோன்றியது.

நுண்ணிய கருவி

மெல்லிய மின்னோட்டத்தை உணர்வதற்குத் தாம்சன் புதுவதோர் கருவியைப் படைத்தார். ஒரு சிறு கண்ணாடி. அதன் முதுகில் ஒட்டிய சிறு காந்தத் துண்டுகள். இரண்டும் சேர்ந்தும் ஒரு குன்றிமணியின் எடை இல்லை. இதனைப் பட்டிழையில் தொங்கவிட்டுக் கம்பிச் சுருளின் நடுவே வைத்தார். சுருளில் மின்னோட்டம் சிறிது பாய்ந்தாலும் காந்தம் அசையும். அதனோடு கண்ணாடியும் திரும்பும். விளக்கொளி அக்கண்ணாடியில் பட்டுத் தொலைவிலுள்ள அளவுகோலின் மேல் ஒளிப்புள்ளியாய் விழும். கண்ணாடி மயிரளவு திரும்பினும் ஒளிப்புள்ளி நெடுந்தூரம் நகரும். புள்ளி இடப்புறம் சென்றால் ஒரு குறிப்பு. வலப்புறம் சென்றால் மற்றொரு குறிப்பு. எடையற்ற ஒளியே முள்ளாக அமைந்தமையால் இக்கருவி மிக நுட்பமானது. இதுவே கண்ணாடிக் கால்வனாமீட்டர் எனப்பட்டது.

வெற்றியும் வீழ்ச்சியும்

1857 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வடம் இடும் பணி தொடங்கியது. அகமெம்னான் என்னும் ஆங்கிலக் கப்பலும் நயாகரா என்னும் அமெரிக்கக் கப்பலும் வடத்தைச் சுமந்து சென்றன. முந்நூறு மைலுக்கு மேல் சென்றபின் வடம் அறுந்து ஆழ்கடலில் மறைந்தது.

1858 ஆம் ஆண்டு சூனில் இரண்டாம் முயற்சி. ஒயிட்ஹவுஸ் உடல்நலக் குறைவைக் காட்டிக் கரையிலேயே தங்கினார். தாம்சன் ஊதியம் பெறாமலே அகமெம்னானில் ஏறினார். நடுக்கடலில் பெரும்புயல் எழுந்தது. கப்பல் பலநாள் கவிழும் நிலையில் தத்தளித்தது; மாலுமியர் பலர் காயமுற்றனர். புயல் தணிந்து வடத்தை இணைத்தபின்னும் அது மூன்று முறை அறுந்தது. கழகத்தாருட் சிலர் முயற்சியைக் கைவிடலாம் என்றனர். எனினும் மீண்டும் ஒருமுறை கப்பல்கள் புறப்பட்டன.

சூலை 29 ஆம் நாள் நடுக்கடலில் வடங்கள் இணைக்கப்பட்டன. இரு கப்பல்களும் எதிர்த்திசைகளில் நகர்ந்தன. அன்று மாலை ஒளிப்புள்ளி திடுமென அசைவற்று நின்றது. இருண்ட அறையில் தாம்சன் அதனையே நோக்கியிருந்தார். வடம் மீண்டும் அறுந்ததோ என்று அனைவரும் கலங்கினர். நெடுநேரம் கழித்து ஒளிப்புள்ளி மெல்ல நகர்ந்தது, தொடர்பு மீண்டது. ஆகஸ்டு 5 ஆம் நாள் வடத்தின் ஒரு முனை அயர்லாந்தின் வாலன்சியாவிலும் மறுமுனை நியூபவுண்டுலாந்திலும் கரையேறின.

ஆகஸ்டு 16 ஆம் நாள் விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு வாழ்த்து விடுத்தார். 98 சொற்கள் கொண்ட அவ்வாழ்த்துச் சென்றுசேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. எனினும் மக்கள் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. நியூயார்க் நகரில் விடப்பட்ட வாணங்களால் நகர மண்டபத்தின் கூரையே தீப்பற்றியது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கரைக்கு வந்த வடம் ஒயிட்ஹவுஸின் பொறுப்பில் விடப்பட்டது. குறிப்புகள் மெலிந்து வந்தன. உறையில் எங்கோ பழுது இருந்தது. அவ்வேளையில் வேண்டியது பழுதின் தன்மையையும் இடத்தையும் அறிதல். ஒயிட்ஹவுஸோ ஐந்தடி நீளமுள்ள பெருஞ்சுருள்களைக் கொண்டு மின்னழுத்தத்தை மேலும் மேலும் உயர்த்தினார். அது 2000 வோல்ட் அளவினதாய் இருந்தது என்பர். முன்னமே நலிந்திருந்த உறை அத்தாக்குதலைத் தாங்குமோ? இதற்கிடையில், தம் கருவி குறிப்புகளைக் காட்டாமையால், அவர் மறைவாகத் தாம்சனின் கண்ணாடிக் கருவியைக் கொண்டே செய்திகளைப் படித்து, அவற்றைத் தம் கருவி பெற்றதாக அறிவித்தார். உண்மை வெளிப்பட்டதும் கழகத்தார் அவரைப் பணியிலிருந்து நீக்கினர்.

பின்னர்த் தாம்சன் பொறுப்பேற்றார்; பெருஞ்சுருள்களை நீக்கி, எளிய மின்கலங்களை வைத்தார். நோயுற்றவனுக்குக் கஞ்சி வார்ப்பதுபோல் மெல்லிய மின்னோட்டத்தையே செலுத்தினார். சில நாள் வடம் உயிர்பெற்றது. இந்தியாவில் 1857 இல் எழுந்த பெருங்கிளர்ச்சியின் பொருட்டுக் கனடாவிலிருந்து அழைக்கப்பட்டிருந்த இரு படைப்பிரிவுகள் புறப்பட வேண்டா என்னும் ஆணை இவ்வடத்தின் வழியே சென்றது. அவ்வொரு செய்தியால் ஆங்கில அரசுக்கு மிச்சமான செலவு 50,000 பவுன் என்பர். ஆயினும் பழுது முற்றிவிட்டது. செப்டம்பர்த் தொடக்கத்திலேயே தெளிவான செய்திகள் நின்றன. அக்டோபருக்குள் வடம் முற்றும் ஊமையாயிற்று.

அளவையின் ஆற்றல்

மக்கள் சினந்தனர். வடம் பேசியதே பொய் என்றும் சிலர் கூறினர். இந்தியாவை நோக்கிச் செங்கடல் வழியே இடப்பட்ட மற்றொரு வடமும் 1860 ஆம் ஆண்டளவில் பயனற்றுப் போயிற்று. அரசும் கழகமும் இணைந்து ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தன. அக்குழு பலரை வினவி, 1861 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. கடலடித் தந்தி இயலாத செயலன்று. செம்மையாகச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் அளந்து சோதித்தால் வெற்றி கிட்டும் என்பதே அதன் முடிவு. தாம்சன் முன்னரே கூறியதும் அதுவே.

அளப்பதற்குப் பொதுவான அலகு வேண்டுமல்லவா? அந்நாளில் மின்தடையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் அளந்தனர். ஒருவர் கண்ட அளவு மற்றவருக்குப் பொருள்படவில்லை. 1861 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சங்கத்தின் வாயிலாக அலகுகளை வகுக்க ஒரு குழு அமையத் தாம்சன் காரணமாயிருந்தார். ஓம் என்னும் அலகு நிலைபெற்றது அக்குழுவின் உழைப்பால்தான்.

பழுது கடலின் அடியில் இருக்க, கரையிலோ கப்பலிலோ இருப்பவர் அதன் இடத்தை அறிவது எங்ஙனம்? அதன் நெறி எளியது. வடத்தில் ஒரு மைல் நீளத்தின் மின்தடை 4 ஓம் எனக் கொள்வோம். உறை கிழிந்து செம்பு கடல்நீரைத் தொடுமாயின், மின்னோட்டம் அவ்விடத்தே கடலுள் இறங்கிவிடும். அப்போது அளக்கும் மின்தடை 1200 ஓம் ஆனால், பழுது 300 மைல் தொலைவில் உள்ளது எனலாம். கிழிசல் சிறிதாயின் அதற்கும் ஒரு தடை உண்டாகையால் கணக்குப் பிழைபடும். ஆதலின் வடத்தின் இரு முனைகளிலிருந்தும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு இடத்தை உறுதி செய்வர். கண்ணுக்குப் புலனாகாத இடத்தைக் கணக்கு காட்டிக் கொடுத்தது.

இக்காலத்தில் தாம்சனுக்குத் துன்பமொன்று நேர்ந்தது. 1860 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனிக்கட்டியின்மேல் விளையாடும்போது வழுக்கி விழுந்து காலெலும்பு முறிந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் சற்றே சாய்ந்து நடந்தார். அஃது அவரைக் கடற்பயணத்தினின்று தடுக்கவில்லை.

மீண்டும் கடலில்

1865 ஆம் ஆண்டில், அந்நாளில் உலகின் மிகப் பெரிய கப்பலாயிருந்த கிரேட் ஈஸ்டர்ன் புதிய வடத்தைச் சுமந்து புறப்பட்டது. இவ்வடத்தின் செம்பு முன்னையதினும் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ளது. தாம்சன் அறிவுரையாளராக உடன் சென்றார். வடம் கடலில் இறங்கும்போதே இரவும் பகலும் இடைவிடாது அளந்துகொண்டிருந்தனர்.

புறப்பட்ட மறுநாளே ஒளிப்புள்ளி விலகிப் பழுதை அறிவித்தது. வடத்தைத் திரும்ப இழுத்துப் பார்த்தனர். இரண்டங்குல நீளமுள்ள கம்பித்துண்டு ஒன்று உறையைத் துளைத்திருந்தது. அதனை நீக்கி மேற்சென்றனர். சில நாளில் அதேபோல் இன்னொரு பழுது. யாரோ வேண்டுமென்றே குத்தியிருக்க வேண்டும் என்று தொழிலாளர்மேல் ஐயம் எழுந்தது, காவலும் வைக்கப்பட்டது. பின்னர்க் கப்பலின் வடக்கிடங்கில், கவசக் கம்பி ஒன்று தானே முறிந்து நீட்டிக்கொண்டிருப்பது காணப்பட்டது. வடத்தின் பாரமே அதனை உறைக்குள் அழுத்தியது என்பது புலனாயிற்று. ஆராயாமல் பழி சுமத்துதல் எத்துணைத் தீது என்பதை அனைவரும் உணர்ந்தனர்.

ஆகஸ்டு 2 ஆம் நாள் மூன்றாம் பழுது தோன்றியது. அதனை எடுக்க இழுக்கும்போது வடம் அறுந்து இரண்டு மைல் ஆழத்தில் வீழ்ந்தது. நியூபவுண்டுலாந்து இன்னும் 600 மைல் தொலைவிலேயே இருந்தது. கொளுவிகளை இறக்கிப் பலமுறை முயன்றும் வடம் வசப்படவில்லை. கப்பல் வெறுங்கையோடு திரும்பியது. ஆனால் இம்முறை எவரும் மனம் தளரவில்லை. தோல்வியின் காரணம் தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

1866 ஆம் ஆண்டு சூலை 13 ஆம் நாள் கிரேட் ஈஸ்டர்ன் மீண்டும் புறப்பட்டு, 27 ஆம் நாள் நியூபவுண்டுலாந்தை அடைந்தது. வடம் தெளிவாகப் பேசியது. அதன்பின் கப்பல் நடுக்கடலுக்குத் திரும்பி, முன்னாண்டில் மூழ்கிய வடத்தையும் தேடி எடுத்தது. ஓராண்டு ஆழ்கடலில் கிடந்த வடம் பழுதின்றி இருந்தது. அதனையும் நீட்டி முடித்தமையால் இரு வடங்கள் பயன்பாட்டிற்கு வந்தன. அவ்வாண்டே தாம்சனுக்குச் சர் என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது.

செப்டம்பரில் லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியாளர் ஓர் ஆய்வு செய்து காட்டினார். இரு வடங்களின் அமெரிக்க முனைகளையும் ஒன்றாக இணைக்கச் செய்தார். ஏறத்தாழ 3700 மைல் நீளமுள்ள சுற்று உண்டாயிற்று. தையல்வேலை செய்வோர் விரல்நுனியில் அணியும் வெள்ளி உறையொன்றில் சிறிது அமிலம் வார்த்து, ஒரு துத்தநாகத் துண்டை இட்டு மின்கலமாக்கினார். அவ்விரலுறையில் பிறந்த மின் பெருங்கடலை இருமுறை கடந்து வந்து ஒளிப்புள்ளியை அசைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்தடிச் சுருள் செய்ய இயலாததை விரலளவுக் கலம் செய்தது. வடம் நன்றாயிருந்து, கருவியும் நுண்ணியதாயின் வலிமை மிகையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கம்பியும் கம்பியில்லா அலையும்

1867 ஆம் ஆண்டில் தாம்சன் தந்திக் குறிப்புகளைத் தாளில் தானே மையால் பதிக்கும் கருவியைப் படைத்தார். 1870 ஆம் ஆண்டில் கடலடி வடம் பம்பாயை எட்டியது. அடுத்துச் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரையிலும் வடம் இடப்பட்டது. கப்பலோட்டிகளுக்கான திசைகாட்டியையும், கடலாழம் காணும் கருவியையும் தாம்சன் திருத்தி அமைத்தார். 1892 ஆம் ஆண்டில் பிரபு பட்டம் பெற்றபோது, பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே தம் பெயராகக் கொண்டார்.

1896 ஆம் ஆண்டில் அவர் பேராசிரியரான ஐம்பதாம் ஆண்டு விழா நடைபெற்றது. உலக அறிஞர் பலரும் கூடிப் புகழ்ந்தனர். கெல்வினோ, இயற்கையின் அடிப்படை உண்மைகளை அறியத் தாம் ஐம்பத்தைந்து ஆண்டுகள் செய்த முயற்சியைத் தோல்வி என்னும் ஒரே சொல்லால் குறித்தார். நிறைகுடம் தளும்புவதில்லை.

1898 ஆம் ஆண்டு சூன் 3 ஆம் நாள், 73 வயதான கெல்வின், வைட் தீவில் இளைஞர் மார்க்கோனி அமைத்திருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தைக் காணச் சென்றார். அங்கிருந்து நண்பர்க்குச் செய்திகள் விடுத்தார். அச்செய்திகள் கம்பியின்றிக் கடலைக் கடந்து போர்ன்மவுத் நகரை அடைந்தன. அங்கிருந்து அஞ்சல் துறையின் கம்பி வழியே கிளாஸ்கோவுக்கும் பிற நகரங்களுக்கும் சென்றன. கெல்வின் அதற்கு ஒரு ஷில்லிங் கட்டணம் செலுத்தியே தீருவேன் என்று வற்புறுத்திக் கொடுத்தார். புதிய கருவி விளையாட்டுப் பொருளன்று, விலைபெறும் பயனுடையது என்பதை உலகிற்கு உணர்த்துதலே அவர் கருத்து.

1899 ஆம் ஆண்டில் பதவியினின்று ஓய்வு பெற்ற கெல்வின், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணாக்கராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். 1907 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17 ஆம் நாள் இயற்கை எய்தினார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் காட்டிய நெறி

கெல்வின் விடுத்த செய்தி பாதி வழி அலையாகவும் பாதி வழி கம்பியிலும் சென்றது. இன்று இல்லங்களில் நிகழ்வதும் அதுவே. வெளியிலிருந்து கேபிள் வழியே வரும் இணையச் செய்தியை மோடம் என்னும் கருவி ஏற்கின்றது. அதனோடு இணைந்த ரூட்டர் என்னும் கருவி அதனைக் கம்பியில்லா அலையாக்கி அறைகளுக்குப் பரப்புகின்றது. தொடர்பு அறுந்தால் பலர் பதறிக் கண்ட பொத்தான்களையெல்லாம் அழுத்துகின்றனர். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிக் குழப்புகின்றனர். கருவியின்மேல் பழிசுமத்திப் புதியது வாங்க விரைகின்றனர். அஃது ஒயிட்ஹவுஸின் வழி.

கெல்வினின் வழி வேறு. முதலில் மோடத்தின் விளக்குகளை நோக்க வேண்டும். பின்னர் ரூட்டரை விலக்கி, மோடத்தை அணைத்துக் கணினியைக் கம்பியால் அதனோடு நேரே இணைத்து மீண்டும் இயக்க வேண்டும். முன்பு இணைந்திருந்த கருவியையே மோடம் நினைவில் கொண்டிருக்கக்கூடுமாதலின் அணைத்தல் இன்றியமையாதது. அப்போதும் தொடர்பு இல்லையேல் பழுது மோடத்திலோ அதற்கு அப்பாலோ உள்ளது. தொடர்பு கிடைப்பின் பழுது ரூட்டரின் பக்கம். அடுத்து ரூட்டரை இணைத்து, முன்போலவே மோடத்தை அணைத்து இயக்கி, கணினியைக் கம்பியால் ரூட்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன்பின் கம்பியின்றி அருகிலும், இறுதியில் தொலை அறையிலும் பார்க்க வேண்டும். அருகில் தெளிவாகவும் தொலைவில் மங்கியும் இருப்பின், குறை கருவியில் இல்லை. இடையிலுள்ள சுவரிலோ இரும்பு அலமாரியிலோ உள்ளது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்ப்பவர்க்குப் பழுது ஒளிந்துகொள்ள இடமில்லை.

உலகச் செய்திகளுட் பெரும்பகுதி இன்றும் கடலடி வடங்களின் வழியே செல்கின்றது. அவற்றில் இப்போது ஒளியே ஓடுகின்றது. வடம் பழுதுறும்போது கரையிலிருந்தே இடத்தை அளந்தறிந்து கப்பலை அனுப்புகின்றனர். கருவிகள் மாறின, நெறி மாறவில்லை. பழுதைக் கண்டு பதறாமை, பிறர்மேல் பழி சுமத்தாமை, வலிமையைக் காட்டுமுன் அளந்து பார்த்தல் ஆகிய மூன்றும் கெல்வின் தம் வாழ்வால் உணர்த்திய பாடங்கள். கம்பியில் நேரும் பழுதுக்கு மட்டுமின்றி, மக்கள் ஒருவரோடொருவர் கொள்ளும் தொடர்பில் நேரும் பழுதுக்கும் அவை பொருந்துமன்றோ!